சதகுப்பையை வளர்ப்போம், சரக்கை அறிவோம்

சகோதர வியாபாரிகளே,

நம் சங்க ஏட்டில் கணக்கு எழுதும் முறை பற்றியும், லைசென்சு விஷயமாகவும் அறிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அடியேன் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லாதவன். பினாங்கில் வாப்பா விட்டுச் சென்ற மளிகைக் கடையை நடத்தி வருகிறேன். ஆகவே பெரிய விஷயம் எதையும் எழுத வரவில்லை. நம் கடைகளில் மூலையில் கிடக்கும் ஒரு சிறு சரக்கைப் பற்றியே எழுத வந்தேன். அதுதான் சதகுப்பை. அதைத் தொட்டியில் விதைத்து வளர்த்ததால் எனக்குக் கீரையும் கிடைத்தது, பாடமும் கிடைத்தது. இரண்டையும் வரிசையாகச் சொல்லுகிறேன்.

எங்கள் கடைக்கு வாப்பா காலத்திலிருந்து சாமான் வாங்கும் மாமி ஒருவர், மகள் பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் வந்து சதகுப்பை கேட்டார். பேறு பார்த்த பெண்களுக்குச் சதகுப்பையை வறுத்து இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை கடை திறந்ததும் மாமி வந்து அந்தப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"தம்பி, உங்க வாப்பா கொடுத்தா பொட்டலம் பிரிக்கிறதுக்கு முந்தியே மணக்கும். இதை இடிச்சுப் பார்த்தும் மணக்கலையே. பேறு பார்த்த பிள்ளைக்கா இதைக் கொடுக்கிறது?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். மாமி சொன்னது சரி. தூசி மணம்தான் இருந்தது.

சதகுப்பை என்பது யாது?

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், காரட் ஆகியவை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். சதகுப்பையும் அந்தக் குடும்பமே. குடை விரித்தாற்போல் பூப்பது இக்குடும்பத்தின் அடையாளம். சதகுப்பையின் பூ மஞ்சள் நிறம். ஒரு காம்பில் எண்ணற்ற சிறு பூக்கள் இருப்பதால் வடமொழியில் இதைச் சதபுஷ்பா, அதாவது நூறு பூ, என்பார்கள்.

இதன் இலை நூல் நூலாக, மயிர்போல் மெல்லியதாக இருக்கும். அதுவே சதகுப்பைக் கீரை. சோயிக்கீரை என்றும் சொல்வதுண்டு. கன்னடக்காரர்கள் சப்சிகே சொப்பு என்பார்கள். வடநாட்டார் சோயா என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் டில் என்று சீட்டு ஒட்டிச் சிறு கட்டாக விற்பதும் இந்த இனமே. இந்தியச் சதகுப்பைக்கும் ஐரோப்பியச் சதகுப்பைக்கும் மணத்தில் கொஞ்சம் வேற்றுமை உண்டு. ஆயினும் வளர்ப்பதும் சமைப்பதும் ஒரே விதம்தான். இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள்.

நம் கடைப் பையன்கள் குழம்புவது சோம்புக்கும் இதற்கும்தான். எனக்கு வயது பத்து இருக்கும்போது நானும் குழம்பி, மலாய்க்கார அம்மா ஒருவர் "ஜிந்தான் மானிஸ்" கேட்டதற்குச் சதகுப்பையை நிறுத்துவிட்டேன். வாப்பா அடிக்கவில்லை. சோம்பு, சீரகம், சதகுப்பை மூன்றிலும் இரண்டிரண்டு விதை எடுத்து என்னை மெல்லச் சொன்னார். அன்று முதல் மறக்கவில்லை. வேற்றுமை இதுதான்:

சோம்பு (ஜிந்தான் மானிஸ்): நீளமாக, பசுமை கலந்த நிறமாக, வரிவரியாக இருக்கும். மென்றால் இனிக்கும்.

சீரகம் (ஜிந்தான் பூத்தே): மெலிந்தது, பழுப்பு நிறம். மென்றால் காரமான மண்மணம் வரும்.

சதகுப்பை: தட்டையாக, பழுப்பாக இருக்கும். ஓரத்தில் வெளிறிய மெல்லிய கரை உண்டு. மென்றால் முதலில் லேசான கசப்பும், பின்பு நாக்கில் குளிர்ந்த காரமும் தெரியும். இனிப்பு இராது.

சோம்புக்குப் பதிலாகச் சதகுப்பையை மீன்கறித் தூளில் அரைத்துவிட்டால் கறியின் குணமே மாறிவிடும். ஆகவே பையன்களுக்குக் கண்ணால் மட்டும் காட்டாமல் நாக்கால் காட்டுங்கள்.

இரண்டு சாட்சிகள்

மாமி போனபிறகு, மணம் ஏன் போயிற்று என்று யோசித்தேன். சதகுப்பை விதையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. மணமும் சுவையும் அந்த எண்ணெயே. வெயிலும் காற்றும் பட்டால் அது நாளுக்கு நாள் பறந்துவிடும். பிறகு மீதியிருப்பது உமிதான். எடையில் குறைவு தெரியாது. தராசு நம்மைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் வாங்கியவருக்குச் சேரவேண்டியது சேர்ந்திராது.

விதை எவ்வளவு பழையது என்று அறிய ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம்; செலவில்லை. ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து ஐம்பது விதைகளை எண்ணி வைத்தேன். மேலே இன்னொரு தட்டை இலேசாக மூடி, துணி காயாதபடி தினம் நீர் தெளித்தேன். நல்ல விதை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்திற்குள் முளைக்கும். என் விதையில் பதினான்காம் நாள் முளைத்திருந்தவை மூன்று. ஐம்பதுக்கு மூன்று! அப்போதுதான் முழு டின்னையும் காகிதத்தில் கொட்டிப் பார்த்தேன். மேலே இருந்த விதை ஒரு நிறம். அடியில் இருந்தது வேறு நிறம்.

காரணம் புரிந்தது. சதகுப்பை மெதுவாகப் போகும் சரக்கு. புதுச் சரக்கு வரும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே கொட்டி வந்திருக்கிறேன். டின்னின் அடியில் கிடந்தது எந்த வருஷத்துச் சரக்கு என்று எனக்கே தெரியாது. மொத்த வியாபாரியைக் குறை சொல்ல நினைத்த வாயை மூடிக்கொண்டேன். குற்றம் என்னுடையது. குறையை மறைத்து விற்கலாகாது என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். நான் மறைக்கவில்லை, ஆனால் பார்க்கவும் இல்லை. பார்க்கவேண்டியவன் பாராமல் இருந்தால் வாங்கினவருக்கு இரண்டும் ஒன்றுதானே!

இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். முளைக்காத விதை எல்லாம் கெட்ட விதை என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. கிருமி போவதற்காக நீராவி காட்டிய மசாலா விதையும் சந்தைக்கு வருகிறது. அது முளைக்காது, ஆயினும் மணம் இருக்கலாம். ஆகவே இரண்டு சாட்சிகளை விசாரியுங்கள். ஒன்று முளை, மற்றொன்று மணம். இரண்டும் இல்லை என்றால் அந்தச் சரக்கைத் தள்ளிவிடவேண்டியதே. என் டின்னில் இருந்தது ஏறக்குறைய இரண்டு கிலோ. அத்தனையையும் உரக்குழியில் கொட்டினேன்.

தொட்டியில் வளர்க்கும் முறை

புதுச் சரக்கு வந்ததும் அதிலும் ஐம்பது விதை வைத்துப் பார்த்தேன், முப்பத்தேழு முளைத்தன. மனம் குளிர்ந்தது. அந்த ஆசையில்தான் கடையின் பின்கட்டில் வளர்க்கத் தொடங்கினேன். தோட்டம் வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டில் வெயில் விழும் தாழ்வாரம் இருந்தால் போதும்.

தொட்டி: சதகுப்பைக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். ஆகையால் ஆழம் ஒரு முழங்கை அளவாவது வேண்டும். நம் கடைகளில் மிஞ்சும் சமையல் எண்ணெய் டின் இதற்கு மிகப் பொருத்தம். மேல்தகட்டை வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் ஆணியால் எட்டுப் பத்துத் துளை இடுங்கள். மருந்துச் சாமான், சாயம் வந்த டின் வேண்டாம்.

மண்: தோட்டமண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தண்ணீர் தங்காமல் வடியவேண்டும்.

விதைப்பு: விதையை ஒரு இரவு ஊறவைத்து, மண்ணின்மேல் தூவி, அரை விரல்நகக் கனத்திற்கு மண்ணைத் தூவி மூடினால் போதும். ஆழப் புதைக்கலாகாது. நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் கூடாது; ஆணிவேர் அறுந்தால் செடி முகம் வாடிவிடும். எங்கே வளரவேண்டுமோ அங்கேயே விதைக்கவேண்டும்.

தண்ணீர்: மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். முளைத்த முதல் இரண்டு வாரத்தில் அதிகத் தண்ணீரால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். என் முதல் டின் அப்படித்தான் போயிற்று. டின்னின் அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரைத் தினம் கொட்டிவிடுங்கள். டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் வருஷச் சட்டப்படி அபராதமும் உண்டு.

வெயில்: காலை வெயில் நான்கைந்து மணி நேரம் நேராக விழவேண்டும். பிற்பகல் வெயில் கடுமையாக இருந்தால் கொஞ்சம் நிழல் நல்லது. சதகுப்பை குளிர்ச்சியை விரும்பும் செடி. நம் ஊர் உஷ்ணத்தில் அது அவசரப்பட்டுப் பூத்துவிடும். பூத்தபின் இலை குறையும். இதற்கு மருந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் இரண்டு மூன்று வாரத்திற்கு ஒரு டின்னாக விதைப்பதே. மூன்று டின் இருந்தால் ஒரு குடும்பத்திற்குக் கீரை தொடர்ந்து கிடைக்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அப்போது டின்களைக் கூரையின் கீழ் இழுத்து வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் விதைக்க நல்லவை.

கலைத்தல்: செடி நான்கு விரல் உயரம் வந்ததும் நெருக்கமானவற்றைக் கத்தரியால் நறுக்கி எடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். நறுக்கிய இளந்தளிரையும் வீணாக்காமல் முட்டைப் பொரியலில் போடலாம்.

பூச்சி: இலைக்காம்பில் பச்சையாகச் சின்னஞ்சிறு அசுவினிப் பூச்சி அண்டும். தண்ணீரைப் பீச்சி அடித்தால் போய்விடும். உண்ணும் கீரைக்கு மருந்து அடிக்கவேண்டாம்.

அறுவடை: எனக்கு முப்பத்தைந்தாம் நாள் முதல் கீரை கிடைத்தது. வெளிப்பக்கத்து இலைகளை முதலில் கிள்ளவேண்டும். நடுக்குருத்தை விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும். விதை வேண்டுமானால் குடைப்பூ பழுப்பானதும் காம்போடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நம் ஈரக்காற்றில் விதை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். நான் எடுத்தது ஒரு கைப்பிடிதான். விதைக்குக் கடைச் சரக்கே போதும். தொட்டியைக் கீரைக்கென்று வைத்துக்கொள்வதே லாபம்.

சமையலில் உபயோகம்

முதல் விதி: கீரையை அடுப்பை அணைக்கும் சமயத்தில் போடுங்கள். நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். விதை அதற்கு நேர்மாறு. அது வறுபட்டால்தான் மணம் விடும்.

பருப்பு: பாசிப்பருப்பு இருநூறு கிராமைக் குழையாமல் வேகவைத்து, மஞ்சளும் உப்பும் சேருங்கள். வெங்காயம், பூண்டு நான்கு பல், காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டி, பொடியாக அரிந்த கீரை இரண்டு கைப்பிடி போட்டு இரண்டு நிமிஷத்தில் இறக்குங்கள். எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம் பிழிந்தால் கீரையின் வாசம் எடுத்துக்காட்டும். வெறுஞ்சோற்றுக்கும் ரொட்டிக்கும் ஏற்றது.

மீன்: வியட்நாமில் ஹனோய் நகரத்தார் மஞ்சள் தடவிய மீன் துண்டங்களோடு கைநிறையச் சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் போட்டு வதக்கி உண்கிறார்கள். லாவோஸ்காரர்களும் மீனுக்கு இதைச் சேர்க்கிறார்கள். தாய்லாந்தில் இந்தக் கீரைக்கு "லாவோ கொத்தமல்லி" என்றே பெயர். நம் வீட்டில் கொடுவா மீனில் மஞ்சள், மிளகுத்தூள், உப்புத் தடவி எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, கடைசியில் கீரையைப் போட்டுப் புரட்டி எடுக்கிறோம். தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணத்திலும் இறக்கும்போது ஒரு கைப்பிடி போடலாம். மீன் வாடை அடங்கிவிடும்.

சோறு: ஈரானில் பாகாலி பொலோ என்று ஒரு சோறு செய்கிறார்கள். பச்சை அவரை விதையும் ஏராளமான சதகுப்பைக் கீரையும் சேர்த்துத் தம் போட்டு, ஆட்டிறைச்சியோடு பரிமாறுவார்கள். அந்த வகை அவரை விதை இங்கே எளிதில் கிடைக்காவிட்டால் பச்சை மொச்சை அல்லது பட்டாணி போடலாம். பாசுமதி அரிசி இரண்டு கோப்பைக்கு அரிந்த கீரை இரண்டு கோப்பை. அரிசியை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, நெய் தடவிய சட்டியில் சோறும் கீரையும் மொச்சையுமாக அடுக்கி, இளந்தீயில் அரை மணி நேரம் தம்மில் வையுங்கள். நெய்ச்சோறு தெரிந்த நம் பெண்களுக்கு இது புதிது அல்ல, கீரைதான் புதிது.

பச்சடி: தயிரில் வெள்ளரிக்காய், உப்பு, ஒரு பல் பூண்டு, அரிந்த கீரை. துருக்கியில் இவ்விதம் செய்கிறார்கள். பிரியாணிக்குத் துணையாகும். காஸா மக்கள் பச்சை மிளகாய், பூண்டு, சதகுப்பை, தக்காளி ஆகியவற்றை மண்சட்டியில் நசுக்கி ஒலிவ எண்ணெய் விட்டு உண்கிறார்கள். நம் சம்பால் உண்ணும் நாக்குக்கு அதுவும் பிடிக்கும்.

மீதிக் கீரையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். வெயிலில் காயவைத்தால் மணம் பாதி போய்விடும்.

ஜாக்கிரதை

பேறு பார்த்தவருக்குக் கொடுப்பது நம் வழக்கம் என்றேன். கர்ப்பமாக இருக்கும்போது மருந்து அளவில் சாப்பிடலாகாது. சமையலில் சேரும் கொஞ்சம் கீரையால் தோஷமில்லை. ஏதேனும் மருந்து உட்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்கவேண்டும்.

பச்சைக் குழந்தைக்கு வயிறு உப்பினால் சதகுப்பைத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கடையில் கேட்பார்கள். 1851இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து வில்லியம் உட்வர்டு என்பவர் செய்த கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய் உண்டு. அக்காலத்தில் சாராயச் சத்தும் சேர்ந்திருந்தது. இப்போது சாராயம் இல்லாமல் செய்கிறார்கள். எனினும் சீட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள், விற்காதீர்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் சொல். ஆகவே நான் "டாக்டரிடம் காட்டுங்கள் மாமி" என்றே சொல்லிவிடுவேன். விற்காமல் போகும் ஒரு பொட்டலத்தால் கடை மூழ்காது.

வியாபாரிகளுக்கு நான்கு வார்த்தை

1. பழைய சரக்கின்மேல் புதுச் சரக்கைக் கொட்டாதீர்கள். டின்னைக் காலி செய்து, கழுவிக் காயவைத்த பிறகே நிரப்புங்கள். வந்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

2. மண விதைகளை அழகுக்காகக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி ஐந்தடி வெயில் படும்படி வைக்காதீர்கள். இறுக மூடிய டின்னில், நிழலில் வையுங்கள்.

3. மெதுவாகப் போகும் சரக்கைக் கொஞ்சமாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக எடுத்தால், லாபம் வாங்கும்போதே முடிந்துவிடும்.

4. மாதம் ஒரு முறை ஒவ்வொரு டின்னிலும் ஒரு சிட்டிகை எடுத்து, அடியிலிருந்து எடுத்து, தேய்த்து முகருங்கள். மேலே எடுத்து முகர்வது நம்மை நாமே ஏமாற்றுவது.

முடிவாக ஒன்று. என் டின்னில் முதல் கீரை வந்த அன்று, ஒரு கட்டுக் கீரையும் புதிய விதையில் நூறு கிராமும் எடுத்துக்கொண்டு அந்த மாமி வீட்டுக்குப் போனேன். மகளுக்கு நாற்பது கழிந்துவிட்டது. சரக்கு பிந்திவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாமி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுதான் உங்க வாப்பா கடைச் சரக்கு" என்றார். காசு எடுத்தார், நான் வாங்கவில்லை. மறு வாரம் மாமி கூடையுடன் கடைக்கு வந்தார். மல்லியும் மிளகும் வாங்கிப் போனார்.

ஒரு டின் மண்ணும் ஒரு கைப்பிடி விதையும் போதும். இந்த வாரமே உங்கள் கடைச் சதகுப்பையில் ஐம்பது விதையை எண்ணி ஈரத்துணியில் வையுங்கள். முளைத்தால் விதையுங்கள், சமையுங்கள். முளைக்காவிட்டால் டின்னின் அடியைப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் சந்திக்கும்போது எத்தனை முளைத்தன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

வஸ்ஸலாம்.